அந்த ஊர் வாத்தியார்

திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. ஜூன் மாதச் சேர்க்கை நடக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் ஒருவர் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். பையன் பெயர் சோனு குமார் என்று வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியை பதிவேட்டைத் திறந்து, "இனிஷியல் என்னங்க?" என்கிறார். அவருக்குக் கேள்வி புரியவில்லை. அப்பா பெயர் என்னவென்று சைகையும் அரைகுறை இந்தியுமாகக் கேட்டு வாங்குகிறார்கள். மகேஷ் மாஞ்சி. "அப்ப எம். சோனு குமார்னு போட்டுக்கலாமுங்களா? இந்தக் குமாருங்கறது யாரு, தாத்தாவா?" தாத்தா பெயர் அது இல்லை. யார் பெயரும் இல்லை. ஆதார் அட்டையிலோ 'எம்' கிடையாது. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பெயர் ஏற்றும்போது ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் பின்னால் தொல்லை. ஒருவழியாக ஆதாரில் உள்ளபடியே எழுதி, அந்தப் பிள்ளையை நாலாம் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள்.

இப்படி ஒரு பள்ளியில் இல்லை, பல பள்ளிகளில் நடக்கிறது. இதில் யார் மீதும் தப்பு இல்லை. ஆனால் அந்த மேசையின் இரண்டு பக்கமும் இருக்கிற விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து உதறச் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தலைமுறையில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து மட்டும் போதும் என்பது நமக்குப் பழகிப்போனது. பழகிவிட்டதால் அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதே மறந்துவிட்டது. பீகாரிலும் 1974-இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கத்தை ஒட்டி இளைஞர்கள் பலர் சாதிப் பெயரை விட்டார்கள். அங்கே அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பெயர்களில் ஒன்று குமார். மாஞ்சி என்பது பெரும்பாலும் முசகர் சமூகத்தார் வைத்துக்கொள்ளும் பெயர். பீகாரில் அவர்களுக்கும் கீழே தள்ள ஆள் இல்லை என்கிற அளவுக்கு ஒடுக்கப்பட்டவர்கள். மாஞ்சியான அப்பா மகனுக்குக் குமார் என்று பெயர் வைத்திருக்கிறார் என்றால் அவர் செய்ததும், நம் தாத்தாக்கள் பிள்ளை, முதலியார் என்ற பட்டங்களை விட்டுவிட்டு ஒற்றை எழுத்தோடு நின்றதும் ஒரே காரியம்தான். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வேலையைச் செய்தவர்களின் வாரிசுகள். அது இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை.

இதை அந்தத் தலைமையாசிரியைக்கு யார் சொல்வது? பலவகைப் பண்பாட்டுப் பிள்ளைகள் கலந்து உட்காரும் வகுப்புக்கு ஆசிரியர்களைத் தயார்செய்வது பற்றியும், அதை ஆன்லைனிலேயே செய்துவிடலாம் என்பது பற்றியும் இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் கைவசம் வைத்திருக்கும் கருவிகள் எங்கிருந்து வந்தவை என்று கேட்டுப் பார்த்தால், பல விஷயங்கள் விளங்கும்.

இந்தப் பண்பாட்டுப் பயிற்சித் துறை தொடங்கியது பள்ளிக்கூடத்தில் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெளிநாடு போகும் தூதரக அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க அமெரிக்க அரசு ஒரு நிறுவனம் வைத்திருந்தது. எட்வர்ட் டி. ஹால் என்கிற மானிடவியலாளர் 1950-களின் தொடக்கத்தில் அங்கே பாடம் எடுத்தார். அதிகாரிகளுக்கு மானிடவியல் கோட்பாடு வேண்டியிருக்கவில்லை. எந்த நாட்டுக்காரன் எவ்வளவு நெருங்கி நின்று பேசுவான், சந்திப்புக்கு எவ்வளவு தாமதமாக வந்தால் அவமதிப்பு ஆகாது என்பதுதான் வேண்டியிருந்தது. ஹால் அதையே சொல்லிக்கொடுத்து, 1959-இல் ஒரு புத்தகமாகவும் எழுதினார். அடுத்து வந்தவர் ஹாஃப்ஸ்டட் என்கிற ஆய்வாளர். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் கம்பெனியின் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கேள்வித்தாள்களை, ஒரு லட்சத்துக்கு மேல், அடுக்கி வைத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு மதிப்பெண் என்று போட்டார். பெரியவர்க்குப் பணிந்து போகும் குணத்தில் இந்தியாவுக்கு 77. இன்றைக்கும் 'பண்பாட்டு வேறுபாடு' என்று தலைப்புப் போட்ட பவர்பாயிண்டில் இந்த எண் தலைகாட்டாமல் இருப்பது அபூர்வம்.

நம் மேசைக்கு இந்த எண்ணைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? தலைமையாசிரியைக்கும் 77, மகேஷ் மாஞ்சிக்கும் 77. இரண்டு பேரும் ஒரே பண்பாடு. பிரச்சினையே இல்லை. பயிற்சியை அத்தோடு முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அந்தக் கருவி தயாரானதே நாட்டை விட்டு நாடு போகிறவனுக்காக. அதிகாரத்தோடும் சம்பளத்தோடும் போய் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடுகிறவனுக்காக. நம் வகுப்பில் நிலைமை தலைகீழ். வந்திருப்பவன் அதிகாரம் இல்லாதவன், குழந்தை. எப்போது திரும்பிப் போவான் என்று அவனுக்கே தெரியாது. கடந்து வந்திருப்பது மாநில எல்லையை. அதைத் தேசிய எல்லையாக யாரும் எண்ணுவதில்லை, ஆனால் மொழி, எழுத்து, சோறு எல்லாம் மாறிவிட்டன.

ஆன்லைன் பயிற்சிக்கு வருவோம். ஒன்றிய அரசின் தீக்ஷா தளம் 2017-இல் ஆசிரியர் தினத்தன்று தொடங்கியது. 2019 ஆகஸ்டில் நிஷ்தா என்ற பெயரில் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுப்பது என்று திட்டம் போட்டார்கள். நேரில் ஆரம்பித்த அந்தப் பயிற்சி கொரோனாவால் 2020 அக்டோபரில் தீக்ஷாவுக்கு மாறியது. 18 பாடங்கள், பதினைந்து நாளைக்கு மூன்று வீதம். பிறகு எழுத்தறிவு எண்ணறிவுக்கென்று வந்த தொகுப்பில் தொடக்க வகுப்புகளில் பன்மொழிக் கல்வி என்றே ஒரு பாடம் இருக்கிறது. ஆக, அரசாங்கம் இதை நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. இவ்வளவு பேருக்கு இவ்வளவு குறைந்த செலவில் வேறு எப்படியும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்பதும் உண்மை.

ஆனால் இந்த மாதிரிப் பயிற்சிகள் வீடுகளில் எப்படி நடக்கின்றன என்பதை ஆசிரியர் குடும்பங்களோடு பழகுகிற யாரும் அறிவார்கள். ஒரு நண்பர் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரவு எட்டரை மணி. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்திய போனில் ஒரு பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார். நண்பரின் மனைவி நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மறுநாளைக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, பக்கத்தில் இருந்த கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மையால் டிக் அடிக்கிறார். வீடியோ நின்றால் திரையை ஒருமுறை தொடுகிறார், அடுத்தது ஓடுகிறது. முடிவில் கொள்குறி வினாக்கள். விடைகள் வாட்ஸப் குழுவில் மத்தியானமே வந்துவிட்டன. சான்றிதழ் பி.டி.எஃப். ஆக இறங்கியதும் அதை அதே குழுவில் போடுகிறார். நாற்பது பேர் கைகூப்புகிறார்கள். அந்த வீடியோவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "வகுப்பறையில எல்லாரையும் அரவணைச்சுப் போகணும்கறாங்க. அதைத்தானே இருபத்திரண்டு வருஷமா பண்ணிட்டிருக்கறோம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்ன பதிலில் இருந்த கோபமும் நியாயமானது. தன் பள்ளியில் யாரெல்லாம் படிக்கிறார்கள் என்று அந்த வீடியோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி, ஆசிரியை சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு ஒரு வரி எழுதாமல் நோட்டை மூடிவிடுகிறாள், அது புரிந்ததற்கான தலையாட்டலா பயத்துக்கான தலையாட்டலா என்று இரண்டு மாதமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைச் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னார்.

'எல்லாரையும் ஒண்ணாத்தான் பார்க்கிறேன்' என்பது தமிழ்நாட்டு ஆசிரியர்களின் வாயில் சர்வசாதாரணமாக வரும் வாக்கியம். மில்டன் பென்னெட் என்கிற அமெரிக்கர் 1986-இல், வேறு பண்பாட்டை எதிர்கொள்ளும் மனசு ஆறு படி ஏறுகிறது என்று ஒரு வரிசை போட்டார். முதல் படி, வித்தியாசம் என்று ஒன்று இருப்பதே தெரியாமலிருப்பது. அடுத்து, எங்களுடையதே உசத்தி என்பது. மூன்றாவது, மேலுக்கு எப்படி இருந்தாலும் உள்ளே எல்லாரும் ஒன்றுதான் என்று வித்தியாசத்தைக் கரைத்துவிடுவது. ஏற்பது, பழகிக்கொள்வது, தன்னில் சேர்த்துக்கொள்வது என்பவை பிறகுதான். அவர் கணக்குப்படி நம் ஆசிரியை மூன்றாம் படியில் தேங்கி நிற்பவர். பயிற்சி கொடுத்து மேலே தூக்க வேண்டியவர்.

இங்கேதான் எனக்கு அந்த ஏணியோடு தகராறு. பென்னெட் பார்த்த அமெரிக்கருக்கு 'எல்லாரும் ஒன்று' என்பது சுலபமாகக் கிடைத்த நல்லெண்ணமாக இருக்கலாம். நமக்கு அது சண்டை போட்டு வாங்கியது. காமராசர் காலத்துச் சீருடையும் ஒரே பந்தியில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும் பிள்ளையைப் பார்த்ததும் அவன் தெருவைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்யும் முயற்சிகள். வித்தியாசம் தெரியாமல் இருப்பதற்காகவே இங்கே பள்ளிக்கூடம் பாடுபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் போய், 'ஒவ்வொரு பிள்ளையின் பண்பாட்டு அடையாளத்தையும் கேட்டறிந்து கொண்டாடுங்கள்' என்று ஒரு பயிற்சிக் கையேடு சொன்னால் விபரீதமாகப் போகலாம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்தது நினைவிருக்கும். தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்பது ஒரு பரிந்துரை. அடையாளத்தை மணிக்கட்டில் காட்டிக்கொள்வது இங்கே எங்கே போய் முடியும் என்று தெரிந்தவர்கள் எழுதியது அது. ஆசிரியர்களுக்கும் இது குறித்துப் பயிற்சி வேண்டும் என்று அந்தக் குழு சொல்லியிருக்கிறது. பல பண்பாட்டு வகுப்பறை என்றதும் வடக்கே இருந்து ரயில் ஏறி வந்த பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற ரோட்டைக் கடந்து வரும் பிள்ளை நினைவுக்கு வருவதில்லை. அந்தத் தூரத்துக்கு எந்த பவர்பாயிண்டிலும் எண் கிடையாது.

ஆனாலும் சோனு குமாருக்கு 'எல்லாரும் ஒண்ணு' போதவில்லை. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவும் சொல்கிறது. முதலாவதைத் தலைமையாசிரியை செய்துவிட்டார். இரண்டாவதை அவர் எப்படிச் செய்வார்? 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைக்கிறார்கள். ஊரில் இரண்டு வருஷம் பள்ளிக்குப் போய் வகுத்தல் வரைக்கும் போட்ட பிள்ளையும் இங்கே அரும்புதான், ஏனென்றால் கணக்குக் கேள்வியும் தமிழில் இருக்கிறது. அவனுக்குத் தெரிந்தது எதுவும் எந்தக் கட்டத்திலும் பதிவாகாது. எல்லாரையும் ஒன்றாகப் பார்த்ததன் பலன் இது.

மொழி விஷயத்தில் நாம் செய்கிற இன்னொரு எளிமைப்படுத்தல், வடக்கிலிருந்து வந்தவர் எல்லாரும் இந்தி என்பது. 'இந்திப் பிள்ளைங்க' என்றே பள்ளிகளில் சொல்கிறார்கள். கயாப் பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டில் மகஹி. சீவான், சப்ராவிலிருந்து வந்தால் போஜ்புரி. தர்பங்கா, மதுபனி என்றால் மைதிலி. தும்காவிலிருந்து வந்தவர் சந்தாலி பேசலாம், அதற்குத் தனி எழுத்தே உண்டு. இவற்றில் மைதிலியும் சந்தாலியும் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணைக்குள் வந்துவிட்டன, மற்றவை மக்கள்தொகைக் கணக்கில் இந்திக்குள் சேர்க்கப்படுகின்றன. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் மேற்கு ஒடிசாவிலிருந்து, பலாங்கீர், நுவாபடாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்காக ஒடியா பாடநூல்களை வரவழைத்துக் கொடுத்த நல்ல காரியம் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாடநூலின் ஒடியா கட்டக்கும் புவனேஸ்வரும் பேசும் ஒடியா. பிள்ளை பேசுவது சம்பல்புரி. அவனுடைய ஊரிலேயே முதல் வகுப்பு வாத்தியாரோடு அவனுக்கு இந்த மல்லுக்கட்டு இருந்திருக்கும்.

சரி, அந்த வாத்தியாருக்கு இது தெரியும் அல்லவா? நான் சொல்ல வந்தது இதைத்தான். சோனு குமாரை நம் ஆசிரியைக்கு அடுத்தபடியாகத் தொழில்முறையில் அறிந்த ஒருவர் உலகத்தில் இருக்கிறார். கயா மாவட்டத்தில் ஏதோ ஒரு பிராத்மிக் வித்யாலயத்தில், அதாவது தொடக்கப் பள்ளியில், அவனை இரண்டு வருஷம் வைத்திருந்தவர். அவன் எழுத்தில் எங்கே திணறுவான், அப்பா குடிப்பாரா, பெயரில் ஏன் குமார், சத் பூஜைக்கு ஊருக்குப் போனால் எத்தனை நாள் கழித்து வருவான் எல்லாம் அறிந்தவர். தீபாவளி கழிந்த ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்குப் போன பிள்ளை ஒரு மாதம் வரவில்லை என்றால் நம் பதிவேட்டில் அவன் நீண்ட நாள் வராதவன், கொஞ்ச நாளில் எமிஸில் பள்ளியை விட்டுப் போனவர்களுக்கான காமன் பூலுக்குப் போய்விடுவான். அங்கே அந்த வாத்தியாரின் பதிவேட்டிலோ, ஒரு மாதம் திரும்பி வந்த பிள்ளை. இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆன்லைன் என்ற ஏற்பாட்டினால் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு காரியம் உண்டென்றால் அது இவர்களைப் பேசவைப்பது. நாம் அதை விட்டுவிட்டு டெல்லிப் பேராசிரியரின் உரையை 42 லட்சம் போன்களுக்கு அனுப்ப ஆன்லைனைப் பயன்படுத்துகிறோம்.

இது என் கற்பனைத் திட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதற்கு வெளியில் நல்ல முன்மாதிரி உண்டு. 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிரெஞ்சு மொழி கற்பித்த ஜில்பெர்த் ஃபர்ஸ்டன்பர்க்கும் சகாக்களும் 'குல்டூரா' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எம்.ஐ.டி. மாணவர்களுக்கும் பிரான்ஸ் மாணவர்களுக்கும் ஒரே கேள்வித்தாள், அவரவர் மொழியில். கடையில் ஒரு தாய் குழந்தையை அறைகிறாள், நீ என்ன செய்வாய்? வரிசையில் நிற்கும்போது ஒருவன் உனக்கு முன்னால் நுழைகிறான், என்ன செய்வாய்? பதில்களை இரண்டு பத்தியாக அக்கம்பக்கம் வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு மாணவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த நிபுணரும் பிரெஞ்சுக்காரர் இப்படி, அமெரிக்கர் அப்படி என்று சொல்லிக்கொடுப்பதில்லை. ஐரோப்பாவில் பள்ளிகளை இணைக்கும் ஈட்வின்னிங் 2005-இல் வந்தது. அதன்பிறகு, 2017 வாக்கில், பல நாட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி மாணவர்களை இப்படி இணைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எவாலுவேட் என்று அதற்குப் பெயர். பயன் இருந்தது, ஆனால் தானாக வந்துவிடவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து செய்ய ஒரு வேலையும், கூடவே இருந்து வழிநடத்த ஒரு பேராசிரியரும் இருந்த இடங்களில் வந்தது.

இதற்கு ஒரு பழைய கோட்பாட்டு ஆதாரமும் உண்டு. கார்டன் ஆல்போர்ட் 1954-இல் தப்பெண்ணம் பற்றி எழுதிய நூலில், இரண்டு கூட்டத்தார் பழகினால் தானாகவே வெறுப்புப் போய்விடாது, சில நிபந்தனைகள் வேண்டும் என்றார். சம அந்தஸ்து, பொதுவான நோக்கம், சேர்ந்து செய்யும் வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு. திருப்பூரில் ஒரு தமிழ் ஆசிரியை பீகார்க்காரர்களைத் தினமும் பார்க்கிறார். காலையில் ஷேர் ஆட்டோவில், மாலையில் லைன் வீட்டு வாசலில். ஆனால் பார்க்கிறவர் எல்லாரும் கூலிக்காரர். ஒரு பீகார் ஆசிரியரை, தன்னைப் போலவே பாடத்திட்டத்தையும் மேலதிகாரியையும் திட்டுகிற ஒருவரை, வாழ்க்கையில் சந்தித்ததில்லை. சம அந்தஸ்து என்கிற அந்த முதல் நிபந்தனை திருப்பூர்த் தெருவில் கிடைக்கவே கிடைக்காது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்துப் போகவேண்டி வந்தது. அந்த வாரம் கயாவில் நாலு ஆசிரியர்களின் போன் நம்பர் நம் ஆசிரியர்கள் கையில் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் சீக்கிரம் நிதானம் வந்திருக்கும்.

எந்த மொழியில் பேசுவார்கள்? இதுதான் முதலில் கேட்கிற கேள்வி. இவருக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தேர்வெழுதுகிற அளவுக்கு வரும். மொழிக்கொள்கைச் சண்டையின் வாசனையும் இதில் அடிக்கும். எனக்கென்னவோ இந்தத் திணறலே பயிற்சியின் முதல் பாடம் என்று படுகிறது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தில் புரிந்ததா என்று தேடி, இல்லை என்று தெரிந்து, வேறு மாதிரி சொல்லி, கடைசியில் கையால் படம் போட்டுக் காட்டும் அந்த அரைமணி நேரம் ஓர் ஆசிரியைக்கு வேறு எங்கும் கிடைக்காது. ஏனென்றால் அவர் வகுப்பில் புரியாமல் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. மைக்கேல் பைரம் என்கிற இங்கிலாந்துக் கல்வியாளர் 1997-இல் எழுதும்போது, அந்நிய மொழியைத் தாய்மொழிக்காரனைப் போலப் பேசுவதை இலக்காக வைக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் நின்று பேசத் தெரிந்தவனை இலக்காக வையுங்கள் என்றார். நிற்பதற்கு நடு இடம் ஒன்று வேண்டும் அல்லவா, அதற்குத்தான் சொல்கிறேன்.

பேசுவதற்கு விஷயமும் எடுத்துக் கொடுக்க வேண்டும். குல்டூராவின் கடைக் கேள்விகள் இங்கே உதவாது. திட்டும்போது பிள்ளை தரையைப் பார்க்கிறான், அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்? தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அக்காவை வாரத்தில் இரண்டு நாள் அனுப்பாத அம்மாவிடம் என்ன பேசுவீர்கள்? சத்துணவில் சாம்பாரைத் தொடாமல் வெறும் சோறு தின்கிற பிள்ளையை என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அங்கிருந்து வரும் பதில், கிச்சடியும் உருளைக்கிழங்கு சோக்காவும் என்று ஆரம்பித்து, எண்ணெய், புளி என்று எங்கெங்கோ போகும். புளிப்பு பிடிக்காமல் ஒதுக்குகிறானே தவிர திமிரால் இல்லை என்று தெரிந்தால் சத்துணவு ஆயாவுக்கு வேலை சுலபம். இதையெல்லாம் இரண்டு பத்தியாக எழுதி வைத்து, அதைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். வகுப்புக்குள் சாதி பற்றியும் அப்போது பேச்சு வரும். நம் ஊர் ஆசிரியர் தன் ஊர் வழக்கத்தைப் பற்றி வெளியாளிடம் விளக்கம் சொல்ல நேரும். எங்கள் பள்ளியில் அப்படியெல்லாம் இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டு, அப்புறம் அன்றைக்கு ராத்திரி யோசிப்பார்.

மாநிலங்களை ஜோடி சேர்க்கும் திட்டம் ஒன்றிய அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏக் பாரத் ஸ்ரேஷ்ட பாரத் என்று 2015-இல் அறிவித்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு வாய்த்த ஜோடி ஜம்மு காஷ்மீர். காஷ்மீரி உடை, காஷ்மீரி நடனம், சில வாக்கியங்கள் என்று பள்ளிகளில் விழா நடத்தினார்கள். அழகாகத்தான் இருந்தது. திருப்பூரில் காஷ்மீரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று யாரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் கோடு போடுவதில் வரைபடத்துக்கு ஓர் அழகு உண்டு, ஆனால் இந்தப் பிள்ளைகளை ஏற்றி வரும் தன்பாத்-ஆலப்புழா எக்ஸ்பிரஸ் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017 வாக்கில் தொடங்கிய ரோஷ்னி திட்டத்தில், பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் பள்ளி ஆரம்பிக்கும் முன்பே வந்து, காலை உணவோடு ஒன்றரை மணி நேரம், அவர்கள் மொழியிலும் மலையாளத்திலும் மாறிமாறிப் பாடம் நடத்தினார்கள். பலன் தெரிந்த முயற்சி. தமிழ்நாட்டிலும் புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கத் தனித் திட்டம் வந்திருக்கிறது. இவற்றில் எல்லாம் மாறவேண்டியவன் பிள்ளை. அவனுக்கு நாம் மொழி கொடுக்கிறோம், அதுவும் அவசியம்தான். மாறவேண்டிய இன்னொருவர் கரும்பலகைப் பக்கம் நிற்கிறார் என்கிற எண்ணம்தான் இன்னும் திட்டமாகவில்லை.

செலவு பெரிதாக ஆகாது. நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணினி, இணையம் எல்லாம் வந்துகொண்டிருக்கின்றன. ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டம் அவ்வப்போது நடக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒருவர் கூட இருந்து நடத்தலாம். எல்லா ஆசிரியர்களுக்கும் தேவையில்லை, சூளைப் பக்கமும் பனியன் கம்பெனிப் பக்கமும் இருக்கிற பள்ளிகளுக்குப் போதும். சான்றிதழ் வேண்டாம். சான்றிதழ் என்று வந்தால் அன்றைக்கே விடைத்தாள் வாட்ஸப்பில் வந்துவிடும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பலாங்கீரில் நுவாகாய் என்கிற புது அரிசிப் பண்டிகை ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். அது முடிந்ததும் சூளைக்கு ஆள் பிடிக்கிற தரகர் முன்பணத்தோடு ஊருக்குள் வருவார். அக்டோபர், நவம்பரில் குடும்பங்கள் கிளம்பும், மழைக்கு முன்னால் மே, ஜூனில் திரும்பும். அங்கே உள்ள வாத்தியாரோடு பேசவேண்டும் என்றால் செப்டம்பரில் பேசவேண்டும். யார் கிளம்பப் போகிறார்கள், எந்தச் சூளை, எந்த வகுப்பு என்று அவரிடம் பட்டியல் இருக்கும். நம் ஊரில் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. பயிற்சி நாள்காட்டியில் அந்த மாதம் பெரும்பாலும் காலியாக விடப்பட்டிருக்கும், அல்லது தேர்தல் வேலைக்கோ வாக்காளர் பட்டியலுக்கோ ஆசிரியர்களை இழுத்திருப்பார்கள். பலாங்கீர் மாவட்டக் கல்வி அதிகாரிக்குத் திருவள்ளூரிலிருந்து கடிதம் எழுதுவதற்கு எந்த விதியில் அனுமதி கேட்பது, யார் கையெழுத்திடுவது, கடிதம் எந்த மொழியில் போகவேண்டும் என்பதை முடிவு செய்யவே ஒரு சூளைப் பருவம் போய்விடும். ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கடிதாசி எதுக்குங்க, அந்த ஸ்கூல் வாத்தியார் நம்பரைப் பிள்ளையோட அப்பா போன்லயே வாங்கிக்கலாம்ல" என்றார். வாங்கிப் பார்க்கலாம். அப்பாக்கள் வேலை முடிந்து வருவது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்.